இந்தப் பக்கம் மேலே

மாங்கூழ் சீசன் முடிந்த ஆடியில்தான்
நாகவேணியம்மா கூப்பிட்டு அனுப்பினார்.
காவேரிப்பட்டணம் சாலை,
கிரானைட் பட்டறைக்குப் பின்னால் தகர ஷெட்.
குட்டியானையை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி
உள்ளே எட்டிப் பார்த்தால்
எட்டடிக்கு ஆறடி, தரையில் விரித்த துணி.
நடுவில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு
எழுபத்தோரு வயது நின்றிருந்தது.

"செருப்ப கழட்டிடு."
கோயிலுக்குச் சொல்கிற குரல் இல்லை.
பெயின்ட் ஈரமாம்.

நான் கல் ஏற்றுகிறவன்.
கருங்கல் பலகைக்கு மேல் எது கீழ் எது என்று
இதுவரை எவனும் கேட்டதில்லை.
சுவரில் சாய்ந்திருந்த நாலு சட்டங்களிடம்
கேட்க வேண்டியிருந்தது.
ஒன்றில் கருப்பாய் ஒரு வளைவு,
செம்மண் நிறத்தில் மூன்று தட்டு,
அப்புறம் பெரிய வெற்றிடம்,
மூலையில்,
ஓடிவந்து சட்டென்று நின்ற மாதிரி
ஒரு பச்சை.

"இதுல எந்தப் பக்கம்மா மேலே?"

"ஆடறவளுக்கு முன்பக்கந்தான் தெரியும்.
மேலயும் கீழயும் பாத்துட்டிருந்தா தாளம் போயிடும்."
சாக்பீஸ் எடுத்துப் பின்புறம் அம்புக்குறி போட்டார்.
கொஞ்சம் யோசித்தார்.
முந்தானையால் அழித்தார்.

முப்பத்திரண்டு வருஷம் ஆடினவராம்.
ஒசூரில் கம்பெனி ஆண்டுவிழா,
தேன்கனிக்கோட்டைத் தேருக்கு முந்தின ராத்திரி,
ஒரு தடவை டிவியில் எட்டு நிமிஷம்.
பட்டறை வாட்ச்மேன் சொன்னதுதான் இதெல்லாம்.
அவர் சொன்னதில்லை.

பன்னிரண்டரைக்குக் குவாரியில் சங்கு ஊதியது.
சங்குக்கும் வேட்டுக்கும் நடுவில்
எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு வேலை உண்டு.
டீக்கடை மாதப்பன் கிளாஸ்களைத் தட்டோடு அணைத்துக்கொள்வார்.
நாய் லாரிக்கடியில் போகும்.
என் வீட்டுக்காரி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.
நாகவேணியம்மா
முழங்காலை மடித்தார்.
அரைமண்டி முழுசாக வரவில்லை,
டாக்டர் கூடாதென்ற கால்.
பாதியில் நின்றது.
"அரையில பாதி, கால்மண்டி" என்றார்,
கால் வலிக்கிற ஒருவர் சிரிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டு.
பிரஷ் நுனியில் நீலம் கனத்துத் தொங்கியது.
உதடு மட்டும் எண்ணியது:
தெய்யா தெய், தெய்யா
பிறகு உதடும் நின்றது.

வேட்டு.

தகரம் நடுங்கிற்று.
மேலேயிருந்து துரு உதிர்ந்தது.
எல்லாம் அடங்கி, நான் மூச்சு விட்டு,
அதற்கும் ஒரு இம்மி கழித்து
நீலம் இறங்கியது.

"வேட்டு கூடவே போட்டிருக்கலாமில்ல?"

"கூடவே விழுந்தா அது வேட்டோட கோடு.
தள்ளி எடுத்தா என்னுது."

அந்த நீலத்தைத்தான் ஐப்பசியில் ஏற்றினேன்.
கோணி சுற்றி, மெத்தை வைத்து, நாலு கயிறு.
சூளகிரி ஏற்றத்தில் காற்று புகுந்து
வண்டிக்குள் யாரோ மத்தளம் தட்டினார்கள்.
அத்திப்பள்ளியில் இறங்கிப் பார்த்தேன்.
துணிதான்.
பின்பக்கத்தில் நிறம் ஊறி
இரண்டு குதிகால் தெரிந்தது.
முன்பக்கத்தில் அவை எங்கே என்று
எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

பெங்களூரில் வெள்ளைச் சுவர், ஏசி,
ஏணி மேல் ஒரு பையன்.
"எந்தப் பக்கம் மேலே?"
என்னைத்தான் கேட்டான்.
அம்புக்குறி இல்லை. அம்மா போன் எடுக்கவில்லை.
திருப்பு என்றேன். இன்னும் திருப்பு.
மூன்றாவது தடவை
என் வலது முழங்கால்
தானாகக் கொஞ்சம் மடிந்தது.
"அப்படியே மாட்டு."

சாயங்காலம் போட்டோ அனுப்பினேன்.
உடனே கூப்பிட்டுவிட்டார்.
ஆனால் பேசவில்லை.
தலைகீழோ? வாடகை போச்சோ?
கேட்க வாய் வந்தது.
டோல்கேட்டில் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான்,
நான் வாயைத் திறக்கவில்லை.
அந்தப் பக்கம் குவாரி இல்லை, வேட்டு இல்லை,
ஒரு பழைய மூச்சு மட்டும்
நின்று நின்று.

பிறகு சொன்னார்:
"வாடகை எவ்வளவு ஆச்சு?"